கையெழுத்துப் போடத் தெரிந்தவர்கள்

எங்கள் தோட்டத்தில் ஒரு பெண்ணின் கையைத் தாலி கட்டியவனைத் தவிர இன்னொருவனும் பிடிக்கலாம். அவன் ஆபீஸ் கிராணி, கணக்குப்பிள்ளை. சம்பள நாளன்று ஆபீஸ் ஜன்னலுக்கு முன்னால் வரிசை நிற்கும். ஒவ்வொருவராகக் கையை ஜன்னலுக்குள் நீட்ட வேண்டும். கிராணி மணிக்கட்டைப் பிடித்து, கட்டைவிரலை மையில் அழுத்தி, பதிவேட்டில் உருட்டி எடுப்பான். ஆண்களின் கையை உடனே விட்டுவிடுவான். பெண்களின் கை என்றால் ரேகை சரியாக விழவில்லை என்று இரண்டாம் தடவை உருட்டுவான். வயசுப் பெண் என்றால் மூன்றாம் தடவையும் உண்டு. அதே வரிசையில் புருஷன் நிற்பான், தகப்பன் நிற்பான், ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். திறந்தவனுக்கு மறுநாள் சதுப்பில் முழங்கால் அளவு தண்ணீரில் நிற்கும் ரப்பர் மரங்களாகப் பார்த்துப் பால் வெட்டக் கொடுப்பார்கள்.

இப்போது கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் என்னைப் பார்க்கிறவர்கள், நான் படித்து முன்னுக்கு வந்த கதையை எழுதினால் பிள்ளைகளுக்கு உபயோகமாக இருக்கும் என்கிறார்கள். போன வருஷம் ஒரு விழாவில் ஒருவர் என்னைச் சேற்றில் முளைத்த செந்தாமரை என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். சேறு என்று அவர் சொன்னது என் அப்பாவையும் அக்காவையும் என்பது அவருக்கே தெரியாது. கேட்டார்கள், எழுதுகிறேன். உபயோகமா இல்லையா என்பதைப் படிக்கிற பிள்ளைகளே பார்த்துக்கொள்ளட்டும்.

கிள்ளானிலிருந்து லங்காட் பக்கம் போகிற செம்மண் சடக்கில் நாலு மைல் போனால் எங்கள் தோட்டம். என்னைப் பெற்ற மறு வருஷமே அம்மா காய்ச்சலில் போய்விட்டாள். அப்பா பால் வெட்டினார். அக்கா எனக்கு நாலு வயது மூத்தவள். என்னைத் தூக்கி வளர்த்த இடுப்பு அவளுடையது. கல்வியைப் பற்றி அப்பாவுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்: இங்கிலீஷ் தெரிந்தவன் பெரட்டுக்கு நிற்க வேண்டாம். பெரட்டு என்றால் விடிவதற்கு முன்னால் கங்காணி ஆள் கணக்கெடுக்கும் இடம். அங்கே மழையில் நின்று நின்றே அப்பாவின் நெஞ்சு கெட்டுப்போயிருந்தது.

கிள்ளானில் பாதிரிமார் நடத்திய இங்கிலீஷ் பள்ளிக்கு அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு போனார். ஞாயிற்றுக்கிழமைதோறும் கோயிலுக்கு வந்தால் பையனைச் சும்மாவே சேர்த்துக்கொள்கிறோம் என்றார்கள். அப்பா வெள்ளிக்கிழமை மாரியம்மனுக்குச் சூடம் கொளுத்திவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தார். இரண்டு பேரில் யாராவது ஒருவர் கைகொடுக்க மாட்டார்களா என்ற எண்ணம். கடைசியில் கைகொடுத்தது அக்காதான்.

புத்தகமும் சட்டையும் சும்மா வருமா? அப்பா வாரத்தில் பாதி நாள் காய்ச்சலில் படுத்துக்கொள்வார். அக்கா அப்போது புல்வெட்டுக்குப் போய்க்கொண்டிருந்தாள், சின்னப் பிள்ளைகளுக்கு உரிய அரைப்பேர், அதாவது பாதிச் சம்பளம். பெரிய ஆளாகக் கணக்கில் ஏறினால்தான் முழுப்பேர் போடுவார்கள். ஒரு நாள் விடிகாலையில் அவள் அம்மாவின் பழைய சேலையைச் சுற்றிக்கொண்டு, பெரட்டில் ஒரு செங்கல்லின்மேல் ஏறி நின்றாள். சேலை கல்லை மறைத்தது. கங்காணி லாந்தரைத் தூக்கிப் பார்த்துவிட்டு, பிள்ளை வளர்ந்துவிட்டதே என்றான். அவனுக்குத் தெரிந்திருக்கும், தெரிந்தேதான் அவளைப் பால்வெட்டில் எழுதினான். தோட்டத்துக்கும் ஆள் வேண்டுமே. அப்போது அக்காவுக்குப் பதினொரு வயது.

எனக்கும் படிக்க வேண்டும் என்று அவள் கேட்டாளா என்று எனக்கு நினைவில்லை. நினைவில்லை என்று சொல்வது வசதியாக இருக்கிறது.

பள்ளியில் என் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள். ரப்பர்ப் பால் புளித்தால் ஒரு நாற்றம் வரும். அது துணியில் ஏறினால் துணி கிழிகிற வரைக்கும் போகாது. நான் பால் தொட்டவன் இல்லை. அந்த நாற்றம் அக்காவிடமிருந்து வந்தது, எங்கள் லயத்து வரிசை வீட்டில் ஒரே பாயில் படுத்ததால் வந்தது. ஒரு நாள் அவளிடம் சொல்லிவிட்டேன், நீ தள்ளிப் படு, உன்னால் எனக்குக் கெட்ட பெயர் என்று. அதற்குப் பிறகு அவள் அடுப்படியில் படுத்தாள். வேலை முடிந்து வந்தால் கிணற்றில் குளித்துவிட்டுத்தான் எனக்குச் சோறு போட வருவாள். அதை நான் மரியாதை என்று எடுத்துக்கொண்டேன். படிக்கிற பிள்ளைக்கு வீட்டில் மரியாதை கொடுக்கிறார்களாம்.

படித்தேன். நன்றாகவே படித்தேன். பரீட்சை தேறியதும் கோலாலம்பூரில் ரயில்வேயில் கிளார்க் வேலை கிடைத்தது. அந்த வருஷமே அப்பா போய்ச் சேர்ந்தார், நான் தொப்பி போட்டு ஆபீஸ் போவதைப் பார்த்துவிட்டுத்தான் போனார். அக்காவை அதே தோட்டத்தில் பால் வெட்டுகிற ஒருவருக்குக் கொடுத்தோம். நல்ல மனிதர், அதிர்ந்து பேசாதவர். எனக்குப் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸ், இரண்டு அறையும் பின்கட்டும். செந்தூலில் ரயில் பட்டறையில் மேஸ்திரியாக இருந்தவரின் மகளைக் கட்டினேன். அக்கா கல்யாணத்துக்கு வந்தாள், கூட்டத்தில் பின்னால் நின்றாள். ஆபீஸ் நண்பர்களிடம் நான் அவளைக் காட்டவில்லை. ஊரிலிருந்து வந்த சொந்தம் என்று பொதுவாகச் சொல்லிவைத்தேன்.

பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே தமிழர்கள் ஒரு வாசகசாலை வைத்திருந்தார்கள். சாயங்காலம் பேப்பர் படிப்பது, தேநீர் குடிப்பது, சமூகத்துக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று பேசுவது. இந்த மூன்றில் மூன்றாவதுதான் அதிகம் நடக்கும். ஒரு நாள் நான் எழுந்து, என் பங்குக்கு ஒரு தோட்டத்தில் கைநாட்டே இல்லாமல் செய்து காட்டுகிறேன் என்றேன். எல்லோரும் தலை நிமிர்ந்தார்கள். தோட்டப்புறத்துச் சகோதரிகள் என்று நான் அன்று எத்தனை தடவை சொன்னேனோ தெரியாது. அதில் ஒருத்தி என் கூடப்பிறந்தவள் என்று மட்டும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில் கிள்ளான் போய், அங்கிருந்து நடந்து தோட்டம் சேர்வேன். பால் வெட்டிக் குளித்துவிட்டு மத்தியானம் ஆட்கள் வருவார்கள். பகலில் ஆயா சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற கொட்டகைதான் பள்ளிக்கூடம். முதலில் பெண்கள்தான் வந்தார்கள். ஏன் என்று எனக்குப் புரிய நாளாயிற்று. அக்காதான் சொன்னாள்: "எழுத்து வந்தா என்ன, வராட்டி என்ன தம்பி. அந்தக் கிராணி நம்ம கையப் புடிக்காம இருந்தாப் போதும்."

நான் அங்கே சொல்லிக்கொடுத்தது படிப்பு அல்ல. அவரவர் பெயரை மட்டும் எழுதப் பழக்கினேன். ஆனா ஆவன்னாவில் தொடங்கி வாசிப்புவரை கொண்டுபோக வேண்டுமென்றால் இரண்டு வருஷம் ஆகும், அதுவரை வாசகசாலையில் காட்ட என்னிடம் ஒன்றும் இருக்காது. பெயர் மட்டும் என்றால் இரண்டு மாதம். கோலம் போடக் கற்றுக்கொள்வதுபோல அதன் வளைவையும் சுழியையும் கை பழகிவிட்டால் போதும், எந்த எழுத்து என்ன ஒலி என்று தெரிய வேண்டியதில்லை. அப்படித்தான் பழக்கினேன். ஒருநாள் அக்கா தன் பெயரை எழுதிவிட்டு, இதில் எது எந்த எழுத்து, மற்றதையும் வாசிக்க எப்படிக் கற்றுக்கொள்வது என்று கேட்டாள். அப்புறம் பார்க்கலாம் என்றேன். எனக்கு ரயிலுக்கு நேரமாகியிருந்தது. அடுத்த வாரமும் ஏதோ ஒன்றுக்கு நேரமாகிவிட்டது. அவள் மூன்றாம் முறை கேட்கவில்லை.

ஆனால் அவர்கள் பழகிய அழகைச் சொல்ல வேண்டும். சிலேட்டு எல்லோருக்கும் கிடையாது. மரத்தடியில் மண்ணில் எழுதினார்கள், கரித்துண்டால் மண்ணெண்ணெய் டின்னில் எழுதினார்கள். பால் தோய்ந்து இறுகிக் கட்டியாக இருக்கும்போது அதன்மேல் குச்சியால் எழுதிப் பார்த்தவளும் உண்டு. அந்தக் கட்டியை அப்படியே உருளை மெஷினில் விட்டிருக்கிறார்கள். தகடு நீள நீள அவள் பெயரும் நீண்டு இரண்டு முழத்துக்கு வெளியே வந்தது. கங்காணி வந்து கத்தினான். அதற்குப் பிறகு ஒரு மாதம் அவளை ரப்பர் ஸ்டோரில் எல்லோரும் இரண்டு முழத்துக்காரி என்றே கூப்பிட்டார்கள். அவளுக்கு அதில் பெருமைதான்.

வராதவர்களும் இருந்தார்கள். கள்ளுக்கடைப் பக்கமே குடியிருக்கிற ஒரு கிழவர், அவரோடு சேர்ந்த ஏழெட்டுப் பேர். கிழவர் என்னைப் பார்த்தாலே கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவார், இது ஆண்டவன் போட்ட கையெழுத்து, இதை எவனும் அழிக்க முடியாது என்பார். அறிவு கெட்ட ஜென்மம் என்று அவரை வாசகசாலையில் கேலி செய்து பேசியிருக்கிறேன்.

பிறகு அந்தச் சம்பள நாள் வந்தது. நான் லீவு போட்டுவிட்டுப் போய் நின்றேன். முதல் ஆளாக அக்கா போனாள். கிராணி பழக்கத்தில் கையைப் பிடிக்க வந்தான். அவள் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, பேனா கொடுங்க என்றாள். அவன் என்னைப் பார்த்தான், பேனாவைக் கொடுத்தான். அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினாள். அவளுக்குப் பின்னால் ஒருத்தி, அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. கிராணியின் கை அன்றைக்கு முழுவதும் சும்மா கிடந்தது. வரிசையில் நின்ற ஆண்கள் மண்ணைப் பார்க்காமல் நேராகப் பார்த்து நின்றதை அன்றுதான் கண்டேன். எனக்கு அழுகை வந்தது. அன்றைக்கு நான் செய்தது நல்லதுதான் என்று இன்றும் சாதிப்பேன்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். என் இங்கிலீஷ் சும்மா இருக்குமா? தோட்டத்துத் துரைக்கு ஒரு கடிதம் எழுதினேன். இன்னின்னார் எழுத்தறிவு பெற்றுவிட்டார்கள், இனி அவர்களைக் கைநாட்டுக்காரர்களாக நடத்தாமல் கல்வி கற்றவர்களுக்கு உரிய மரியாதையோடு நடத்த வேண்டும் என்று பெயர்ப் பட்டியலோடு எழுதினேன். அந்தக் கடிதத்தை வாசகசாலையில் உரக்க வாசித்துக் காட்டினேன். மாலை போட்டார்கள். அந்தப் பட்டியலில் அக்காவின் பெயர் முதலில் இருந்தது.

அந்தக் காலத்தில் ஒரு வழக்கம் உண்டு. கைநாட்டு வைக்கிறவனிடம் எந்தக் காகிதத்தை நீட்டினாலும், அதில் எழுதியிருப்பதை அவன் மொழியில் வாசித்துச் சொல்ல வேண்டும், வாசித்துச் சொன்னதற்கு ஒரு சாட்சியும் எழுத வேண்டும். கையெழுத்துப் போடுகிறவனுக்கு அது கிடையாது. எழுதத் தெரிந்தவனுக்கு வாசிக்கவும் தெரியும் என்பது உலகத்தின் நம்பிக்கை. ரயில்வே கிளார்க்கான எனக்கு இது தெரியாதா? தினமும் பார்க்கிற காரியம். அந்தக் கடிதத்தை எழுதும்போது மட்டும் தோன்றவில்லை.

முப்பதுகளின் தொடக்கத்தில் ரப்பர் விலை விழுந்தது. விழுந்தது என்றால் மரத்தில் பால் வெட்டுவதைவிட வெட்டாமல் விடுவது லாபம் என்கிற அளவுக்கு. தோட்டங்களில் ஆட்களைக் குறைத்தார்கள், குறைத்தவர்களைக் கப்பலேற்றி ஊருக்கு, அதாவது இந்தியாவுக்கு, அனுப்பினார்கள். எங்கள் தோட்டத்தில் அது நடந்த விதத்தை நான் பின்னால் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஒரு வார நாளில் ஆபீஸ் முன்னால் மேசை போட்டார்கள். கிராணி எழுந்து, கையெழுத்துப் போடத் தெரிந்தவர்கள் முதலில் வாருங்கள் என்றான். அவன் ஒரு பொய்யும் சொல்லவில்லை. வேலைக்குப் பெயர் எடுக்கிறார்கள் என்று வரிசையில் யாரோ சொன்னார்கள், அதை எல்லோரும் நம்பினார்கள். என் மாணவர்கள் முண்டியடித்துக்கொண்டு போனார்கள். என்ன காகிதம் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டால் வாசிக்கத் தெரியாது என்பது வெளியே வந்துவிடும், கிராணி மறுபடியும் கையைப் பிடிப்பான். அந்தப் பயத்தில் பேசாமல் போட்டுவிட்டு வந்தார்கள். அக்கா போட்டாள், அவள் புருஷனும் போட்டார்.

கடைசியில் கைநாட்டுக்காரர்களைக் கூப்பிட்டார்கள். வழக்கப்படி அவர்களுக்கு வாசித்துக் காட்ட வேண்டியிருந்தது. கள்ளுக்கடைக் கிழவர் முழுக்கக் கேட்டுவிட்டு, நான் ஏன் ஊருக்குப் போகணும், போகலை என்று கட்டைவிரலை மடக்கிக்கொண்டு திரும்பி நடந்துவிட்டாராம். அவரோடு சேர்ந்த எல்லோரும் அப்படியே செய்தார்கள். அவர்களை மிரட்டிப் பார்த்துவிட்டுப் புல்வெட்டில் போட்டுக்கொண்டார்கள். என் வகுப்புக்கு வராதவர்கள் தோட்டத்தில் தங்கினார்கள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காக முடிந்தது என்று சொல்லலாம். குரங்கு எவ்வளவோ மேல்.

ஞாயிற்றுக்கிழமை நான் சிலேட்டுகளோடு போனபோது லயத்தில் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். பத்து நாளில் கப்பல். அக்கா வாசலில் உட்கார்ந்து, ஊர் எந்தப் பக்கம் தம்பி என்று கேட்டாள். அவள் பிறந்தது இந்த மண்ணில். ஊர் என்பது அவளுக்கு அப்பா காய்ச்சலில் உளறிய ஒரு பெயர். அங்கே ஒரு மனிதரைத் தெரியாது. மூன்று பிள்ளைகள், கடைசிப் பெண்ணுக்கு மூன்று வயது.

துரையைப் பார்க்க ஓடினேன். அவர் கோபப்படவில்லை, உட்காரச் சொன்னார். இவர்கள் வாசிக்கத் தெரியாதவர்கள், தெரியாமல் போட்டுவிட்டார்கள் என்றேன். அவர் மேசை இழுப்பறையிலிருந்து என் கடிதத்தை எடுத்து என் முன்னால் வைத்தார். நல்ல இங்கிலீஷ் என்றார். இன்றுவரை என் இங்கிலீஷை யாராவது புகழ்ந்தால் நான் எழுந்து போய்விடுவேன்.

மறுநாள் ஆபீஸுக்கு லீவு சொல்லிவிட்டு, கிள்ளானில் கூலியாட்கள் விவகாரம் பார்க்கிற வெள்ளைக்கார அதிகாரியிடம் போனேன். பக்கத்தில் தொப்பி போட்ட ஒரு தமிழர் மொழிபெயர்க்க நின்றார். எனக்கு அவர் தேவைப்படவில்லை, ஆனாலும் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அதிகாரி பொறுமையாகக் கேட்டார். எல்லோர் கையெழுத்தையும் தம்மால் இல்லையென்று ஆக்க முடியாது, ஆனால் உள்ளூரில் நிலையான வேலையில் இருக்கிற ஒருவர் ஒரு குடும்பத்துக்குப் பொறுப்பேற்றால் அந்தக் குடும்பத்தின் பெயரை அடித்துவிடலாம் என்றார். ஒரு காகிதத்தைக் கொடுத்தார். வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்துப் போட்டுக் கொண்டு வரச் சொன்னார்.

அன்று சாயங்காலம் பின்கட்டில் உட்கார்ந்து அந்தக் காகிதத்தை வாசித்தேன். இன்னார் குடும்பத்தின் உணவு, உறைவிடம், நோய், சாவு எல்லாவற்றுக்கும் நானே பொறுப்பு. அவர்கள் அரசாங்கத்துக்குப் பாரமானால் பதில் சொல்ல வேண்டியவன் நான். இதன் நகல் என் ஆபீஸ் மேலதிகாரிக்கு அனுப்பப்படும். கடைசி வரியை மறுபடியும் வாசித்தேன். ரயில்வேயிலும் அப்போது ஆள் குறைத்துக்கொண்டிருந்தார்கள். என் மேசைக்கு அடுத்த மேசை ஏற்கெனவே காலி. அடுத்த பட்டியலில் யார் யார் என்று ஆபீஸில் குசுகுசுத்துக்கொண்டிருந்தார்கள். இந்த நகல் போய்ச் சேர்ந்தால் மேலதிகாரிக்கு என் பெயர் நினைவுக்கு வரும். நான் யார் வீட்டுப் பிள்ளை என்பதும் ஆபீஸ் முழுக்கத் தெரியும்.

என் மனைவிமேல் பழியைப் போட எனக்கு ஆசைதான். ஆனால் அவள், "கூட்டிட்டு வாங்க, இந்தப் பின்கட்டுல இருந்துக்கட்டும், இருக்கிறதக் குடிப்போம்" என்றாள். அன்றைக்கே பின்கட்டைக் கூட்டி, விறகை நகர்த்தி இடமும் செய்துவைத்தாள். மூன்று நாள் அதைத் தாண்டித்தான் ஆபீஸுக்குப் போய்வந்தேன். காகிதம் கோட்டுப் பையில் இருந்தது. ஆபீஸில் ஆள் இல்லாத நேரத்தில் எடுத்து வாசிப்பேன். எத்தனை தடவை வாசித்தாலும் அதில் எழுதியிருந்தது மாறவில்லை.

நான் போடவில்லை. தவணை நாள் கடந்துபோனது. மனைவியிடம் அதிகாரி மறுத்துவிட்டார் என்றேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்காவிடமும் அதையே சொன்னேன். அவள், சரி, சாப்பிட்டியா என்று கேட்டாள்.

கப்பல் சுவெட்டன்ஹாம் துறையிலிருந்து போனது. தகரக் கொட்டகையில் தோட்டவாரியாக உட்காரவைத்திருந்தார்கள். எங்கள் தோட்டத்து ஆட்கள் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்கள், வகுப்பில் எழுந்து நின்ற அதே பழக்கம். அது என்னைக் கொன்றது. அக்கா ஒரு தூணோரமாக இருந்தாள். பிள்ளைகள் கடலைப் பார்க்க ஓடிவிட்டார்கள், அவர்கள் பின்னால் அவள் புருஷனும் போயிருந்தார். அவள் மடியிலிருந்து கப்பல் சீட்டை எடுத்தாள். அவள் கையெழுத்துப் போட்ட காகிதத்தையும் அதோடு சேர்த்துக் குத்தியிருந்தார்கள்.

"இதுல என்னதான் எழுதியிருக்கு? வாசிச்சுக் காட்டு," என்றாள்.

தமிழில் சொன்னேன். என் சொந்த விருப்பத்தின் பேரில் இந்தியாவிலுள்ள என் ஊருக்குத் திரும்பிப் போகிறேன். இந்தத் தோட்டத்தின்மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. இதை வாசித்து அறிந்து கையெழுத்திட்டேன். அவள் ஒவ்வொரு வரிக்கும் தலையாட்டினாள். கடைசியில் தன் பெயரை விரலால் ஒரு தரம் தடவினாள்.

"இதுல ஒண்ணுகூட நான் சொல்லலையே," என்றாள். பிறகு சீட்டை மடியில் வைத்துக்கொண்டு, குரலைக் கொஞ்சமும் உயர்த்தாமல், "இப்ப உன்னோடதயும் வாசிச்சுக் காட்டு," என்றாள்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்காத மாதிரி நின்றேன் என்பதுதான் உண்மை. பெயர் சரிபார்க்கத் தோட்டத்துக்கு வந்த தொப்பிக்காரத் தமிழர் அவளிடம் சொல்லியிருக்கிறார், உன் தம்பி காகிதம் வாங்கிப் போயிருக்கிறார், அவர் போட்டுக் கொடுத்தால் நீ போக வேண்டாம் என்று. நான் பொய் சொன்ன அன்றைக்கே அவளுக்கு அது தெரியும். தெரிந்துகொண்டுதான் சாப்பிட்டியா என்று கேட்டிருக்கிறாள்.

காகிதம் கோட்டுப் பையில்தான் இருந்தது. அதைக் கிழித்துப் போடக்கூட எனக்குத் துணிவில்லை. எடுத்தேன், வாசித்தேன். உணவு, உறைவிடம், நோய், சாவு என்று ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னேன். மேலதிகாரிக்கு நகல் போகும் என்பதையும் சொன்னேன். ஒரு வார்த்தையைக்கூட விடவில்லை. என் வாழ்க்கையில் நான் அவளுக்கு ஒழுங்காக வாசித்துக் காட்டியது அந்த இரண்டு காகிதங்களைத்தான்.

கொட்டகையின் அந்தக் கோடியில் பெயர் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். அவள் எழுந்து சேலையை உதறிக்கொண்டாள். மூட்டையைத் தலையில் வைக்க ஒரு கை கொடு என்றாள், தூக்கிவிட்டேன். எனக்கு அது தகுமா என்றெல்லாம் அப்போது தோன்றவில்லை, மூட்டை கனமாக இருந்தது.

"படிச்சவன் அதுல போட மாட்டான் தம்பி," என்றாள். "நானும் படிச்சிருந்தா இதுல போட்டிருக்க மாட்டேன்."

அவள் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. குத்தலாகச் சொல்லியிருந்தால், இத்தனை வருஷத்தில் நான் அதற்கு ஒரு பதிலாவது யோசித்து வைத்திருப்பேன்.